பெட்ரோ தேடுதளம்: மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

முழங்கால் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட் வைப்பதா, குவாட்ரிசெப்ஸ் (முன்தொடைத் தசை) பயிற்சி போதுமா, இரண்டும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா? இந்த மாதிரிக் கேள்விக்கு இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் விடை தேட வேண்டுமானால், இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது பெட்ரோ (PEDro) என்ற பிசியோதெரபி ஆய்வுகளின் தேடுதளம். எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலைப் பட்டம்) தீசிஸுக்கு லிட்டரேச்சர் தேடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் வேலைக்கு இது அருமையான சேவை. இரண்டாவது வேலைக்கு இது பாதிதான் உதவும், அதிலும் ஆய்வுகளுக்கு அது தரும் மதிப்பெண்ணைத் தப்பாகப் படித்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

1999 அக்டோபரில் சிட்னியில் தொடங்கியது. ராப் ஹெர்பர்ட், ஆன் மோஸ்லி, கேத்தி ஷெரிங்டன், கிறிஸ் மேஹர் போன்ற பிசியோதெரபிஸ்டுகளே தொடங்கி வளர்த்தார்கள். பிசியோதெரபி சங்கங்களும் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளும் தரும் பணத்தில் ஓடுகிறது. கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. மாதாமாதம் புதுப் பதிவுகள் சேர்கின்றன. தளத்தின் அறிமுகப் பக்கங்கள் கிடைக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. முதலாமாண்டு மாணவர்களுக்கு அது நல்ல ஆரம்பம். ஆனால் தேடிக் கிடைக்கும் கட்டுரைச் சுருக்கங்கள் ஆங்கிலத்தில்தான் வரும். தேடுசொல்லையும் ஆங்கிலத்தில்தான் தர வேண்டும்.

உள்ளே இருப்பவை மூன்றே வகை: ரேண்டமைஸ்டு ட்ரயல் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு), சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (அப்படிப்பட்ட ஆய்வுகளை முறையாகத் திரட்டி எடைபோடும் கட்டுரை), கிளினிக்கல் கைடுலைன் (சிகிச்சை வழிகாட்டி). மொத்தம் 60 ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி ட்ரயல்கள், அடுத்தது ரிவ்யூக்கள். கைடுலைன்கள் சில நூறுதான். பட்டியலிலுள்ள மிகப் பழைய ட்ரயல் 1929இல் வந்தது, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையைப் பற்றியது. ஆனால் குவியலில் பெரும்பங்கு 2000க்குப் பிறகு வந்தவையே. துறைவாரியாகப் பார்த்தால் மஸ்குலோஸ்கெலிட்டல்தான் முன்னே நிற்கிறது. பணியிடச் சுகாதாரம், எர்கோனாமிக்ஸ் பக்கம் போனால் பட்டியல் சட்டென்று மெலிந்துவிடும்.

கேஸ் ரிப்போர்ட், சர்வே, கோஹார்ட் (ஒரு குழுவைக் காலப்போக்கில் கவனிக்கும் ஆய்வு), பேட்டி அடிப்படையிலான ஆய்வு, ஒரு அளவுகோலைத் தமிழில் மொழிபெயர்த்துச் சரிபார்த்த ஆய்வு எதுவும் இங்கே கிடைக்காது. நோயறியும் டெஸ்டுகளின் துல்லியம் பற்றிய ஆய்வுகளுக்கு 2019இல் டிட்டா என்று தனித் தளம் திறந்துவிட்டார்கள். முழங்காலுக்கான லாக்மேன் டெஸ்ட்டையும் கழுத்துக்கான ஸ்பர்லிங் டெஸ்ட்டையும் அங்கேதான் தேட வேண்டும். அதனால் 'பிசியோதெரபிஸ்டுகளின் ஆய்வு வெளியீட்டுப் போக்கு' என்று தலைப்பு வைத்துக்கொண்டு பெட்ரோவில் எண்ணிக்கை எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எண்ணப்படுவது பிசியோதெரபிச் சிகிச்சைகளைச் சோதித்த ஆய்வுகள், பிசியோதெரபிஸ்டுகள் எழுதிய ஆய்வுகள் அல்ல. ஒரு எலும்பு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ நடத்திய பயிற்சி ட்ரயலும் இங்கே ஏறும். பிசியோதெரபிஸ்ட் நடத்திய சர்வே ஏறாது. பதிவில் ஆசிரியர்களின் நிறுவன முகவரியும் இல்லை. ஆசிரியர் பெட்டியில் 'இந்தியா' என்று அடித்துவிட்டு, வருகிற எண்ணை இந்தியாவின் வெளியீடு என்று தீசிஸில் எழுதினால், வைவாவில் விவரம் தெரிந்த ஒரே ஒரு எக்ஸ்டர்னல் (வெளித்தேர்வாளர்) போதும், குட்டு உடைந்துவிடும். நாடு, நிறுவனம் வாரியாகக் கணக்கு வேண்டுமென்றால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற பொது ஆய்வுத் தளங்களுக்கோ பப்மெட்டின் முகவரிப் புலத்துக்கோதான் போக வேண்டும்.

தேடும் விதத்துக்கு வருவோம். சிம்பிள் சர்ச் அவசரத்துக்குச் சரி, ஆனால் அது குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அட்வான்ஸ்டு சர்ச்சில் சிகிச்சை, பிரச்சினை, உடற்பகுதி, துணைத்துறை, ஆய்வு வகை என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு முதல் பெட்டியில் 'ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்', உடற்பகுதியில் முழங்கால், சிகிச்சையில் ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங், வகையில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. இந்த நான்கு போதும். பட்டியல்களில் எல்லாவற்றையும் நிரப்புவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சல்லடை. ஏழு சல்லடை போட்டால் ஒன்றும் விழாது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகான பயிற்சியைத் தேடும்போது துணைத்துறையில் மஸ்குலோஸ்கெலிட்டலைத் தேர்ந்தெடுத்தாலும் ஏமாற்றம்தான். அறுவை, எலும்பு முறிவு சார்ந்தவை ஆர்த்தோபீடிக்ஸில் கிடக்கும்.

இந்தத் தேடுபொறிக்கு கூகுள் மாதிரி ஊகிக்கத் தெரியாது. எழுத்துப்பிழையைத் திருத்தாது, ஒரே நோய்க்கு வழங்கும் இன்னொரு பெயரையும் தானாகச் சேர்க்காது. 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று அடித்தால் 'அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரைகள் தப்பிவிடும். எல்லாச் சொல்லும் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்று கீழே ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் ஒரே தேடலில் இரண்டையும் கலக்க முடியாது. எனவே இரண்டு பெயருக்கும் தனித்தனியாகத் தேடி, முடிவுகளை வெளியே ஒன்றுசேர்ப்பதுதான் வழி. சொல்லின் தலைப்பகுதியை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா விகுதிகளும் வரும். இடையில் ஓரெழுத்து மாறக்கூடிய சொல்லுக்கு அட் (@) குறி. சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். மறந்தால் 'ஃப்ரோசன்' ஒரு மூலையிலும் 'ஷோல்டர்' இன்னொரு மூலையிலும் இருக்கும் கட்டுரைகளும் வந்து நிற்கும்.

இன்னொரு பொறி: 'குறைந்தபட்ச மதிப்பெண்' பெட்டி. அங்கே 6 போட்டுவிட்டு ஆய்வு வகையில் ரிவ்யூவைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் வராது. ரிவ்யூவுக்கும் கைடுலைனுக்கும் மதிப்பெண்ணே கிடையாது, ட்ரயலுக்கு மட்டும்தான். முடிவுப் பட்டியல் தானாகவே கைடுலைன், ரிவ்யூ, பிறகு மதிப்பெண் இறங்குவரிசையில் ட்ரயல் என்று அடுக்கப்படும். இந்த அடுக்கு நல்ல யோசனை. நேரமில்லாதவர் மேலிருந்து மூன்றைப் படித்தாலே கேள்விக்குப் பக்கத்தில் போய்விடலாம். வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து ஆர்.ஐ.எஸ். கோப்பாக இறக்கினால் மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருள்களான சோட்டெரோவும் மெண்டலேயும் வாங்கிக்கொள்ளும்.

முழுக்கட்டுரை பெட்ரோவில் இருக்காது. சுருக்கமும், வெளியே போகும் இணைப்பும்தான். இணைப்பைத் தொட்டால் பாதி நேரம் பணம் கேட்கும் சுவரில் போய் முட்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான். நம்மூரில் பிசியோதெரபிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் என்பதால் அந்தக் கதவு பலருக்குத் திறக்கவில்லை. ஆஸ்திரேலியச் சங்கத்தின் ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி முழுக்கவே இலவசம். மற்றவற்றுக்குப் பப்மெட் சென்ட்ரலில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கைவிடலாம்.

இனி மதிப்பெண். பெட்ரோ ஸ்கேலில் 11 கேள்விகள். முதல் கேள்வி, அதாவது யாரைச் சேர்த்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா என்பது, கூட்டலில் வராது. மீதி 10க்கும் தலைக்கு ஒன்று: ரேண்டமாகப் பிரித்தார்களா, பிரிப்பு மறைக்கப்பட்டதா (அடுத்தவர் எந்தக் குழு என்பது சேர்ப்பவருக்குத் தெரியாமல் இருந்ததா), தொடக்கத்தில் குழுக்கள் ஒத்திருந்தனவா, நோயாளி, சிகிச்சை தருபவர், அளப்பவர் ஆகிய மூவருக்கும் யார் எந்தக் குழு என்பது தெரியாமல் இருந்ததா (இது மூன்று மதிப்பெண்), 85 சதவீதத்துக்கு மேல் கடைசிவரை அளக்கப்பட்டார்களா, ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிட்டார்களா, குழுக்களுக்கிடையே ஒப்பீடு இருக்கிறதா, சராசரியும் அதன் சிதறலும் தந்திருக்கிறார்களா. மாஸ்ட்ரிக்ட் குழுவினர் 1998இல் வெளியிட்ட டெல்ஃபி பட்டியல்தான் இதற்கு அடிப்படை. 85 சதவீதக் கேள்வியும் குழு ஒப்பீட்டுக் கேள்வியும் பெட்ரோ சேர்த்தவை. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, முரண்பட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். அதற்குப் பிறகும் முழு ஒற்றுமை வருவதில்லை. 2003இல் பிசிக்கல் தெரபி இதழில் வந்த சோதனையில், ஒருமித்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மைக் குணகம் (1 என்றால் முழு ஒற்றுமை) 0.68. சுமாராக நல்லது என்ற அளவுதான் அது. ஆகவே 6க்கும் 7க்கும் நடுவே கோடு கிழித்து 'இது நல்ல ஆய்வு, அது கெட்ட ஆய்வு' என்று பேசுவதில் பொருளில்லை.

பத்துக்குப் பத்து வாங்கும் பயிற்சி ட்ரயலைத் தேட வேண்டாம். பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்டின் கண்ணைக் கட்ட முடியாது, செய்கிற நோயாளிக்கும் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். கைமுறைச் சிகிச்சையும் பயிற்சியும் பெரும்பாலும் 8இல் முட்டி நின்றுவிடும். லேசர், டென்ஸ் (தோல்வழி மின்தூண்டல்), அல்ட்ராசவுண்ட் போன்றவற்றில் கருவியை அணைத்துவைத்துப் பாவனை காட்டலாம். அதனால் மின்சிகிச்சை ட்ரயல்கள் இந்த ஸ்கேலில் இயல்பாகவே ஒரு படி உயரத்தில் நிற்கும். பயிற்சிக்கு 7, லேசருக்கு 9 என்பதால் லேசர்தான் சிறந்தது என்று வாதாடும் செமினார்கள் நம்மிடையே குறைவில்லை.

மதிப்பெண் சொல்வது ஆய்வு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதை. சிகிச்சை பலன் தந்ததா என்பதைச் சொல்லாது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2017இல் லான்செட்டில் வந்த அட்டெண்ட் ட்ரயலில், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகள் சேர்ந்தார்கள். வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவர் மூலமே மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களுமாக இரண்டு குழுவிலும் 47 சதவீதம். ஒழுங்காக நடந்த ஆய்வு, ஆனால் வித்தியாசம் பூஜ்யம். அவெர்ட் என்ற பக்கவாத ட்ரயல் இன்னும் ஒரு படி மேலே: 2015, ஐந்து நாடுகள், 56 மையங்கள், 2,104 பேர். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்த குழுவில், மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான சிகிச்சைக் குழுவைவிடக் குறைவாக இருந்தார்கள். பட்டியலில் உயரத்தில் இருக்கிறதே என்று முடிவைப் படிக்காமல் 'சீக்கிரம் எழுப்பினால் நல்லது' என்று மேற்கோள் காட்டினால் ஆய்வு சொன்னதற்கு நேர் எதிராகப் போய்விடும்.

தீசிஸ் பக்கம் வந்தால் இந்த ஸ்கேலின் உண்மையான பயன் வேறு. முடிந்த கட்டுரையை அளக்கும் கோலாக அல்லாமல், தொடங்கப்போகும் ட்ரயலின் செக்லிஸ்டாக வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான எம்.பி.டி. தீசிஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 30 பேர், இரண்டு குழு, சீட்டுக் குலுக்கல், தொடக்க அட்டவணை, முடிவில் குழுக்களுக்கிடையே டி-டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடும் கணக்கு), சராசரியும் அதன் சிதறலைச் சொல்லும் எஸ்.டி.யும். மதிப்பெண் 4. குழுக்களுக்கிடையே ஒப்பிடாமல், ஒவ்வொரு குழுவிலும் முன்னும் பின்னும் மட்டும் பேர்டு டி-டெஸ்ட் போட்டிருந்தால் அதிலும் ஒன்று போய் 3. நோயாளியையும் தெரபிஸ்டையும் விட்டுவிட்டாலும் இந்த 4ஐ 8 ஆக்கலாம், செலவு கிட்டத்தட்ட கவர் வாங்கும் காசுதான்.

குலுக்கல் ரேண்டம்தான், அதற்கு ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். ஓ.பி. எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, ஒன்றுவிட்டு ஒருவர் என்றெல்லாம் பிரித்தால் அதுவும் கிடைக்காது. மறைப்புக்குத் தனி ஏற்பாடு வேண்டும். வரிசை எண்ணிட்ட, ஒட்டிய, ஒளி ஊடுருவாத கவர்கள். உள்ளே சீட்டைச் சுற்றி அலுமினியத் தாளோ கார்பன் தாளோ இருந்தால் விளக்குக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. கவர்களைத் தயாரிப்பவர் நோயாளியைச் சேர்ப்பவராக இருக்கக் கூடாது. சம்மதம் வாங்கி, தொடக்க அளவெடுத்து, கவரின் மேல் நோயாளியின் பெயரை எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும். நால்வர் நால்வராகவே பிளாக் (இரு குழுவுக்கும் சம எண்ணிக்கையில் பிரியும் தொகுதி) வைத்தால் நான்காவது ஆள் எந்தக் குழு என்று எளிதாக ஊகித்துவிடலாம். 4, 6 என்று கலந்து வைக்க வேண்டும்.

அளப்பவர் விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். வி.ஏ.எஸ். (வலியை ஒரு கோட்டில் குறிக்கும் அளவுகோல்) வலி அளவு நோயாளியே சொல்வது. ஸ்கேலின் விதிப்படி அங்கே அளப்பவர் நோயாளிதான். நோயாளிக்குத் தன் குழு தெரிந்திருந்தால், தாளை நீட்டியவர் யாராக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. வி.ஏ.எஸ்ஸும் ஒரு கேள்வித்தாளும் மட்டும் வைத்திருக்கும் ட்ரயல் இங்கே ஒன்றை இழந்துவிடும். கோனியோமீட்டர் (மூட்டின் அசைவுக் கோணத்தை அளக்கும் கருவி) அளவோ, ஆறு நிமிட நடையோ ஒரு முக்கிய அளவாகச் சேர்த்து, எந்தக் குழு என்று தெரியாத ஒரு சகாவை அளக்கச் சொன்னால் அந்த ஒன்று திரும்ப வரும். அளக்கும் முன் 'எனக்கு டேப் போட்டாங்க சார்' என்று நோயாளி உளறிவிடாமல் சொல்லிவைப்பதும், டேப்பைப் பிரித்துவிட்டு அனுப்புவதும் அதே வேலையின் பகுதி.

85 சதவீதத்துக்கு மேல் என்றால் 30க்கு 26, 40க்கு 35, 60க்கு 52. 40 பேரில் 34 என்பது சரியாக 85, 'மேல்' ஆகாது. எத்தனை பேரை ஒதுக்கினோம், எத்தனை பேரைக் கடைசியில் அளந்தோம் என்ற இரண்டு எண்ணும் கட்டுரையில் வெளிப்படையாக இருக்க வேண்டும். பாதியில் நின்றவரைத் தூக்கிவிட்டுப் புதியவரைச் சேர்த்து எண்ணிக்கையை 30 ஆக வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த மதிப்பெண்ணோடு ஆய்வையும் கெடுக்கிறது. ஒதுக்கிய குழுவிலேயே கணக்கிட்டோம் என்பதும் ஒரு வாக்கியமாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது எல்லோரும் ஒதுக்கிய சிகிச்சையையே பெற்றார்கள் என்றாவது இருக்க வேண்டும். செய்திருந்தும் எழுதவில்லை என்றால் பூஜ்யம்தான். தெளிவாக எழுதியதற்கு மட்டுமே மதிப்பெண் என்பது இவர்கள் விதி. 'டபுள் பிளைண்டு' என்று தலைப்பில் மட்டும் போட்டு, யாருக்கு எப்படி மறைத்தோம் என்று உள்ளே எழுதாதவர்களுக்கும் இதே கதி.

ஸ்கேலில் இல்லாத ஒன்று ட்ரயல் பதிவு. அது பெரிய குறை என்றே சொல்ல வேண்டும். முன்கூட்டியே அறிவித்த அளவு ஒன்று, வெளியிட்ட அளவு வேறொன்று என்ற தில்லுமுல்லை இந்த 10 கேள்விகளும் பிடிக்காது. இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2007 முதல் இயங்குகிறது, பதிவு இலவசம். 2018 ஏப்ரல் 1 முதல் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிந்தால்தான் எண் கிடைக்கும். நெறிமுறைக் குழு அனுமதி, பிறகு பதிவு, பிறகு முதல் நோயாளி. இந்த வரிசை மாறினால் பின்னால் நல்ல இதழ் கதவைச் சாத்திவிடும். தரமான இதழ்களைக் காட்ட வைத்திருந்த யு.ஜி.சி.-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. மூன்றே நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களின் மின்னஞ்சல்களை வடிகட்ட மாணவருக்கு இன்று இருப்பது கைடின் கண்ணும் தன் கண்ணும்தான். பெட்ரோவில் ஏறியிருப்பது இதழின் தரத்துக்கு முத்திரை அல்ல.

தலைப்பு தேர்வு செய்யும்போது பெட்ரோ தரும் சேவையை மட்டும் குறை சொல்ல முடியாது. அப்பர் ட்ரபீசியஸுக்கு (கழுத்து-தோள் தசை) எம்.இ.டி. (தசையைச் சுருக்கித் தளர்த்தும் கைமுறை உத்தி), கழுத்து வலிக்கு கினிசியோ டேப் (தோலில் ஒட்டும் மீள்நாடா) என்று கைடு சொன்னவுடன் தலையாட்டாமல் ஒரு தேடல் போட்டுப் பார்த்தால், அந்த வயலை எத்தனை பேர் உழுதுவிட்டார்கள் என்று கண்ணெதிரே தெரியும். சமீபத்திய ரிவ்யூவின் கடைசிப் பத்தியில் என்ன இன்னும் சோதிக்கப்படவில்லை என்று எழுதியிருப்பார்கள். நல்ல தலைப்புகள் அங்கேதான் கிடக்கின்றன.

முறையான ரிவ்யூ எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடக் கூடாது. பிசியோதெரபி ட்ரயல்களை எந்தத் தளம் எவ்வளவு பிடிக்கிறது என்று 2011இல் வந்த ஒப்பீட்டில் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் சென்ட்ரல் தளம் 95 சதவீதம், பெட்ரோ 92, பப்மெட் 89, எம்பேஸ் 88. சினாலுக்கு 53தான். பெட்ரோவும் சென்ட்ரலும் பப்மெட்டும் சேர்ந்தால் ஓட்டை சின்னதாகிவிடும். ஆய்வின் பலவீனத்தை அளக்க இதழ்கள் இப்போது காக்ரேனின் ரிஸ்க் ஆஃப் பயாஸ் 2 கருவியைக் கேட்கின்றன. மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வதைக் காக்ரேன் விரும்புவதில்லை. பெட்ரோ ஸ்கேலைத்தான் பயன்படுத்துவது என்றால் தளத்தில் இருக்கும் எண்ணை அப்படியே அட்டவணையில் ஒட்டலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். புதுப் பதிவுகளில் மதிப்பெண் இன்னும் போடப்படாமல் இருந்தால், தளத்தின் இணையப் பயிற்சியை முடித்த இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவரே போட்டுவிட்டு இரண்டு கையெழுத்து வாங்குவது கணக்கில் வராது.